ஏரிக்கு நீலம் பூசியவள்

என் கைப்பேசியில் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. இடம் போதவில்லை, எதையாவது நீக்கு என்று அது தினமும் நச்சரிக்கும். நான் ஒன்றையும் நீக்க மாட்டேன். நான் வாங்கிய சாமான் எனக்கே புத்தி சொல்வதா என்று திட்டிவிட்டு அடுத்த படத்தை எடுப்பேன்.

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழு பெண்களில் நான் ஒருத்தி. எங்கள் ஊரில் படகும் வலையும் ஆண்களுக்கு. ஏரியில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற பாடு என்ற முறையும் அவர்களுக்குத்தான். எங்களுக்கு இருப்பது கை மட்டும். இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டுச் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போடுவோம். பறி என்பது பனையோலைக் கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் வேலைக்கு வரும். என் கைப்பேசி பிளாஸ்டிக் உறைக்குள், தலையில் கட்டிய துண்டுக்குள் பத்திரமாக இருக்கும். மூச்சு வாங்க நிமிரும்போதெல்லாம் ஒரு படம். மேகம், நாரை, தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள், முன்னால் போகிற பெண்களின் முதுகு. ஒன்பது வருடமாக இதே கதை. நான் இறால் பிடிக்க வருகிறேனா, போட்டோ பிடிக்க வருகிறேனா என்று மற்ற ஆறு பேரும் கேலி செய்வார்கள். பார்க்க நன்றாக இருந்தது, எடுத்தேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில் இறந்துபோனார். ஊர் மீனவர் சங்கத்தில் அவருக்கு உறுப்பினர் அட்டை இருந்தது. ஆள் போனதும் அட்டையும் போய்விட்டது. இந்த வருடம் சங்கத்தில் புதுப் பட்டியல் எழுதினார்கள். தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அக்கா போய்க் கேட்டார். சங்கத்து எழுத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் காகிதத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிறவர். "நீ மீனவர் பொண்டாட்டிமா. மீனவர் இல்ல," என்று சொல்லிவிட்டார்.

தொடர்ந்து மூன்று மழைக்காலம் ஏரியில் இறங்கித் தொழில் செய்ததற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். மழைக்காலத்தில் குளிருக்குப் பயந்தவர்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள், தொழில்காரர்கள் மட்டும்தான் இறங்குவார்கள் என்பதால் அப்படி ஒரு விதி. அக்கா தவிர மற்ற நாங்கள் ஆறு பேரும் சாட்சி சொல்லப் போனோம். ஒருத்திக்கு ஒருத்தி சாட்சி சொன்னால் எப்படி என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அட்டை இல்லாவிட்டால் மழைக்கால நிவாரணம் கிடையாது, ஏரியில் எண்ணெய் மிதந்து மீன் செத்தாலும் நஷ்டம் கேட்க வழி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, இருபது வருடமாகச் சேற்றில் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்து நீ இந்தத் தொழிலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போய் உலை வைத்தார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுத்தரிடம் போய், என்னிடம் போட்டோ இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காட்டு என்றார். வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ள நாரை, மேகம், மறுபடி நாரை. பதினோராயிரத்தில் அக்காவை எங்கே தேடுவது?

என் மகள் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாள். கல்லூரியில் கொடுத்த லேப்டாப்பை வீட்டில்தான் வைத்திருக்கிறாள். போனில் கேட்டேன். படங்களை அடுக்கித் தருவதற்கும் திருத்தித் தருவதற்கும் எத்தனையோ மென்பொருள் இருக்கின்றன, எது ஒத்துவருகிறது என்று நீயே பார் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பிளஸ் டூ வரை படித்தவள் நான். படிக்கத் தெரியும், பயப்படவும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது எல்லாப் படத்தையும் இணையத்தில் ஏற்றச் சொன்னது. எங்கள் ஊரில் சிக்னல் பிடிக்கப் படகுத்துறை வரை நடக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அங்கே நின்றும் நூறு படம்கூட ஏறவில்லை. இரண்டாவது மாத வாடகை கேட்டது. சரி, ஒரு வாரம் இலவசம்தானே என்று திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் தள்ளுகிற கட்டைகள், வளைகிற கோடுகள், மூன்று வண்ண மலைகள். காட்டுப்பள்ளி கிரேனின் அறையில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு ஓட்டு என்றது போல இருந்தது. உடனே மூடிவிட்டேன்.

மூன்றாவது கைப்பேசியிலேயே இருக்கிற ஆப். அதில் ஒரே ஒரு பொத்தான், மந்திரக்கோல் படம் போட்டது. அழுத்தினால் படம் தானாகத் திருந்திவிடும். அழுத்தினேன். எங்கள் ஏரித் தண்ணீர், சேறும் சகதியுமாக இருந்தது, கண் முன்னால் நீலமானது. வானம் வெளுத்தது. நிழலில் இருந்த பெண்களின் புடவை பளிச்சென்று வந்தது. நான் வாயைப் பிளந்தேன். இன்னொரு பொத்தான், குறுக்கே நிற்கும் வேண்டாத பொருட்களை அகற்றட்டுமா என்று கேட்டது. வலை கட்டுகிற கழிகள் பின்னால் கோணல் மாணலாக நின்றன. விரலால் தடவினேன். கழி காணாமல்போனது, அந்த இடத்தில் வெறும் தண்ணீர். இப்படிக்கூட முடியுமா என்று சிரித்தேன். அக்கா இருப்பதாக எனக்குத் தெரிந்த முப்பது படங்களை எடுத்து எல்லாவற்றுக்கும் நீலம் பூசினேன், எல்லாக் கழிகளையும் பிடுங்கிப்போட்டேன். மழைக்கால ஏரி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். தலைவர், எழுத்தர், உறுப்பினர்கள் இருபது பேர். என் வீட்டுக்காரரும் உறுப்பினர்தான். அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போட்டோ காட்டி உழைப்பை நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வெட்கம். அதனால் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் பெருமையாகக் கைப்பேசியைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கைப்பேசி வரிசையாகப் போனது. எல்லாருடைய முகமும் சுருங்கியது.

"இது எந்த ஊரு தண்ணி?" என்றார் தலைவர்.

நம் ஏரிதான் என்றேன். மழைக்காலத்தில் நம் ஏரி என்றைக்கு இந்த நிறத்தில் இருந்தது என்று ஒருவர் கேட்டார். பின்னால் கிரேன் தெரிகிறதே, அந்த இடத்தில் எங்கள் கழி இருக்க வேண்டுமே, எங்கே என்று இன்னொருவர் கேட்டார். எழுத்தர் கைப்பேசியை வாங்கி எதையோ தட்டினார். படத்தின் விவரம் வந்தது. எல்லாப் படமும் போன புதன்கிழமை எடுத்ததாகக் காட்டியது. திருத்திச் சேமித்தபோது அந்த ஆப் அசல் படத்தை அழித்துவிட்டு, பழைய தேதியையும் தூக்கிப்போட்டுப் புதுத் தேதியை ஒட்டியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்றையும் மாதத்தையும் சொல்கிற இருபது பேர் முன்னால் நான் நீல ஏரியைக் கொண்டுபோய் நீட்டியிருந்தேன். கழியை எடுத்துவிட்டால் ஏரியில் அது எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? ஏரிக்காரி செய்கிற வேலையா அது?

அக்கா வாசலில் நின்றிருந்தார். பொய்ப் படம் காட்டிப் பெயர் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. இன்னும் ஒரு வாரம் தருகிறேன், அதோடு பட்டியலை முடித்துவிடுவேன் என்றார் தலைவர். வரும் வழியில் நான் அழுதேன். அக்கா அழவில்லை. "நீ நல்லதுக்குத்தான செஞ்சே," என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போகாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எனக்கு வேண்டியது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. தேதி மாறக் கூடாது. நிறம் மாறக் கூடாது. ஆளைத் தேடித் தர வேண்டும். சிக்னல் கேட்கக் கூடாது. நாலாவதாக ஒரு மென்பொருளைப் படகுத்துறையில் நின்று இறக்கிக்கொண்டுவந்தேன். இலவசம். பார்க்க அழகில்லை, சாம்பல் நிறப் பெட்டி. ஆனால் முதல் பக்கத்திலேயே, உங்கள் அசல் படத்தை நாங்கள் தொட மாட்டோம் என்று எழுதியிருந்தது. திருத்தம் எல்லாம் தனியாகக் குறித்துவைக்கப்படுமாம். வேண்டாம் என்றால் ஒரே அழுத்தில் பழையபடி ஆகிவிடுமாம். நான் சோதித்துப் பார்த்தேன். ஒரு படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினேன், வெட்டினேன், நீலமாக்கினேன், தலைகீழாகத் திருப்பினேன். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினேன். அடியில் அசல் அப்படியே கிடந்தது. சேறு, கழி, தேதி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அப்படியே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். செய்ததை எல்லாம் இல்லையென்று ஆக்கித் தருகிற ஒரு பொருளை அதுவரை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கைப்பேசியில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். முகங்களைப் பிரிக்கட்டுமா என்று கேட்டது. பிரி என்றேன். அரை நாள் ஆனது. வந்து பார்த்தால் ஊரே கட்டம் கட்டமாக நிற்கிறது. என் மகளைப் பள்ளிக்கூடச் சீருடையிலும், வேலைக்குப் போகிற உடையிலும் ஒரே ஆள் என்று சேர்த்துவைத்திருந்தது. பெற்றவள் எனக்கே சில படத்தில் சந்தேகம் வந்தது, அதற்கு வரவில்லை. அக்காவின் கட்டத்தைத் திறந்தேன். நாற்பது படம். எல்லாம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா. பட்டுப்புடவையில் சிரிக்கிறார். ஏரியில் ஒரு படம்கூட இல்லை.

எழுத்தர் சொன்னதையே இந்தப் பெட்டியும் சொன்னது. எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன், மகள் முகம் நினைவுக்கு வந்ததால் விட்டேன். கொஞ்சம் யோசித்த பிறகு புரிந்தது. வேலை செய்கிறபோது அக்காவுக்கு முகமே கிடையாது. குனிந்த தலை, துண்டு, பல்லில் கயிறு. மிச்சம் எல்லாம் முதுகு. பெட்டி என்ன செய்யும் பாவம்.

அதில் வரைபடம் என்று ஒரு பக்கம் இருந்தது. சும்மா அழுத்தினேன். எங்கள் பக்கத்து நிலமும் நீரும் விரிந்தன. பழவேற்காடு, பசியாவரம், முகத்துவாரம், நடுவில் ஏரி. ஏரிக்குள் செம்புள்ளிகள், ஆயிரக்கணக்கில். படம் எடுத்த இடத்தையும் கைப்பேசி ஒவ்வொரு தடவையும் குறித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் நான் தண்ணீரில் நின்ற இடம். கரையில் தெரு இருக்கிறது, ரோடு இருக்கிறது, பெயர் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் எதுவும் இல்லை, வெறும் நீலம். அந்த வெறும் நீலத்தில் எங்கள் ஏழு பேரின் ஒன்பது வருட நடை, தெரு மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. ஆழம் இருக்கிற இடத்தை ஒதுக்கி, மேட்டைச் சுற்றி, இறால் ஒதுங்குகிற பக்கமாக. எங்கள் கால் மட்டும் அறிந்த பாதை அது, யாரும் வரைந்ததில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் தீபாராதனை காட்டும்போது நிற்கிற மாதிரி நின்றேன். இவ்வளவு நடந்திருக்கிறோமா என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் வேலை சுலபம். புள்ளியைத் தொட்டால் படம் வந்தது. பெட்டிக்குத் தெரியாத முதுகு எனக்குத் தெரியும். அக்கா இடது தோளைக் கொஞ்சம் தூக்கித்தான் தடவுவார். துண்டின் முடிச்சு வலது காதுக்கு மேலே இருக்கும். படத்தில் கையால் கட்டம் போட்டு, இது இன்னார் என்று பெயர் எழுதலாம். எழுதினேன். மூன்று நாள் அதே வேலை. எழுத எழுத அக்காவின் கட்டத்தில் கல்யாண வீடுகள் ஒரு மூலைக்குப் போய், முதுகுகள் பெருகிக்கொண்டே வந்தன. முதல் மழைக்காலம், நிறைய. கடைசி மழைக்காலம், நிறைய. நடு மழைக்காலத்தில், அவர் கணவர் இறந்த வருடத்தில், ஒன்றே ஒன்று.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரிய மேகத்தை எடுத்த படம். கீழே ஆறு பெண்கள். ஐந்து பேர் ஒருவரைச் சுற்றி நெருக்கமாக நிற்கிறார்கள். நடுவில் இருக்கிறவரின் இடது தோள் தூக்கியிருக்கிறது. தேதியைப் பார்த்தேன். கணவர் இறந்த இருபத்திரண்டாம் நாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஏரித் தொழில் செய்தவர் இறந்தால் அவர் மனைவி மூன்று மாதம் ஏரியில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் செத்தவரின் பாடு இருக்கிற இடத்தில் மீன் விலகிப்போகும் என்பார்கள். அந்தப் பாடு இப்போது தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது. அக்கா அந்த வழக்கத்தை மீறினார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தம் போன பிறகு வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லை, யாரிடமும் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. நாங்கள் ஆறு பேர் அவரை நடுவில் மறைத்து இட்டுப்போனோம். யாரிடமும் சொல்லவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. படம் எடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினேன். நீக்கு என்ற பொத்தான் மேல் அம்பை வைத்துக்கொண்டு, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் திரையில் தன் முதுகை விரலால் தொட்டார்.

"அத எடுத்துட்டா அந்த மழையில நான் எறங்கவே இல்லனு ஆயிடும். எறங்கினேனே. வச்சுடு," என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை ஒரு நாற்காலியில் வைத்து, எதையும் திருத்தாமல் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் ஒருவரும் அருகில் வரவில்லை. மூன்றாவது படத்தில் தலைவர் எழுந்து வந்தார். ஐந்தாவது படத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் தேதியை மறைத்துவைத்திருந்தேன். அவர்களே சொன்னார்கள். இது முகத்துவாரம் அடைபட்டிருந்த சமயம், தண்ணீர் பச்சை கட்டியிருக்கிறது. இது கார்த்திகை, ஆற்று வெள்ளம் வந்து கலந்த மறுநாள். அந்தக் கழி என்னுடையது, அதை மாற்றி நட்டு ஒரு வருடம் ஆகிறது. சொல்லி முடித்ததும் நான் தேதியைத் திறப்பேன். மாதம் தப்பவே இல்லை. எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். ஒரு மென்பொருள் அரை நாள் எடுத்துச் செய்ததை இவர்கள் ஒரு பார்வையில் செய்தார்கள்.

பிறகு அந்தப் படம் வந்தது. எழுத்தர் தேதி கேட்டார். சொன்னேன். கூட்டத்தில் இருந்தவர்கள் மனசுக்குள் நாளை எண்ணுவது தெரிந்தது. வாசலில் இருந்த அக்கா உள்ளே வந்து, "அது நான்தான். இவ எடுத்துடட்டுமானு கேட்டா. நான்தான் வேணாம்னேன்," என்றார். தலைவர் யாரையும் திட்டவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இறந்தது அவர் அண்ணன், பாடும் இப்போது அவருடையது, அவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் அவரிடம் மறைத்தவள் நான், லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். அவர் நாற்காலி முன்னால் குந்தி உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அவர் பார்த்தது அக்காவை அல்ல, அக்காவைச் சுற்றி இருந்த தண்ணீரை.

"வெள்ளத் தண்ணி. மேல வாடை வேற," என்றார். "அன்னிக்கு நாங்க ஒருத்தரும் படகு எறக்கல. அண்ணன் இருந்திருந்தா அண்ணனும் எறக்கியிருக்காது. அந்தத் தண்ணியில அண்ணி எறங்கியிருக்கு."

யாரும் மறுக்கவில்லை. அவர் எழுந்து எழுத்தரிடம் அண்ணியின் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார். எழுத்தர் எழுதினார். தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, இதில் என்ன போடுவது என்று கேட்டார்.

"எங்க அண்ணன் பேருக்கு நேரா இன்னா போட்டிருந்தே? அதையே போடு."